யாருடைய பைல் முன்னால்? தம்பதியாக வெளிநாடு போகும்போது வேலை விசாவைத் தெரிவு செய்தல்

கிராண்ட்பாஸில் ஒரு வீட்டில் வெளிநாட்டுப் பேச்சு எழும்பினால் முதல் கேள்வி "எந்த நாடு?" என்பதுதான். லண்டனா, கனடாவா, டுபாயா என்று ஒரு மாதம் ஓடும். பிறகு யாரோ ஒரு ஏஜென்சிக்காரரைக் கூட்டிவருவார்கள். அவர் கணவனின் பாஸ்போட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "இவர் முதலில் போகட்டும், மிஸ்ஸை ஆறு மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்பார். அந்த "எடுத்துக்கொள்ளலாம்" எந்த விசாவில் உண்மை, எதில் பாதி உண்மை, எதில் முழுப் பொய் என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

வேலை விசாவில் இரண்டு இடங்கள் உண்டு. யாருடைய வேலையை அல்லது தகுதியைக் காட்டி விசா கேட்கிறோமோ அவர் முதல் விண்ணப்பதாரர். அவருடைய விசாவைப் பிடித்துக்கொண்டு வருபவர் துணை. ஏஜென்சிப் பேச்சில் 'டிபெண்டன்ட்'. முதலாமவருக்கு வேலை செய்யும் உரிமை எப்படியும் கிடைத்துவிடும். ஆகவே நாட்டையும் வழியையும் துணையின் பக்கம் நின்று பாருங்கள்.

இங்கே தரும் தொகைகளும் விதிகளும் 2025 இறுதி நிலவரம். பணம் கட்டும் நாளில் அந்தந்த நாட்டு அரசின் இணையத்தளத்தில் மறுபடியும் பாருங்கள். வெம்பிளியில் இருக்கும் சித்தப்பா சொல்வது அவர் போன காலத்துச் சட்டம்.

எந்த வழிக்கும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. இந்த விசாவில் துணை வரலாமா?
2. வந்தால் வேலை செய்யலாமா? எந்த வேலையும், யாரிடமும், எத்தனை மணித்தியாலமும் செய்யலாமா?
3. முதலாமவருக்கு வேலை போனால் துணையின் விசாவுக்கு என்ன நடக்கும்?

மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்காத வழிக்கு முற்பணம் கட்டாதீர்கள். வாட்ஸ்அப் குரல்பதிவு எழுத்து ஆகாது.

படி 1: ஒரு கொப்பி, இரண்டு பக்கம்

ஒரு கொப்பியை விரித்து இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் மற்றவர் என்று இவற்றை எழுதுங்கள்.

1. வயதும் பிறந்த திகதியும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வயதுக்குப் பெரிய புள்ளி உண்டு. அடுத்த பிறந்தநாளில் எத்தனை புள்ளி குறையும் என்பதையும் குறியுங்கள்.
2. உயர்தரத்துக்குப் பிறகு படித்தவை, அவற்றைத் தந்த நிறுவனம், சான்றிதழ் கையில் உண்டா என்பது. என்.வி.கியூ. நிலைகளையும் விடாதீர்கள்.
3. சம்பளச் சீட்டாலோ ஊழியர் சேமலாப நிதிப் பதிவாலோ நிரூபிக்கக்கூடிய வேலை அனுபவம். கையில் காசாகச் சம்பளம் வாங்கிய வருடங்களைத் தனியாக எழுதுங்கள். அவை பெரும்பாலும் எண்ணப்படா.
4. ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு. எழுதியிராவிட்டால் ஒரு மாதிரிப் பரீட்சை செய்து பாருங்கள்.
5. வேறு நாட்டில் இருந்த காலம்: நாடு, மாதம், வருடம்.
6. முன்பு மறுக்கப்பட்ட விசாக்கள், ஒன்று விடாமல்.

ஐந்தாவதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். கடைசிப் பத்து வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழைக் கனடா கேட்கும். அவுஸ்திரேலியா மொத்தமாகப் பன்னிரண்டு மாதம் இருந்த நாட்டினதைக் கேட்கும். இது துணைக்கும் பொருந்தும். கட்டாரிலோ சவூதியிலோ இருந்து வந்தவருக்கு அந்தக் கடதாசியைக் கொழும்பில் இருந்துகொண்டு எடுக்க மாதக்கணக்கு ஆகலாம். முதல் நாளே தொடங்குங்கள்.

படி 2: யாரை முன்னால் விடுவது?

"ஆம்பிளை முதலில் போகட்டும்" என்பது வழக்கம். விசாச் சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஒரு தம்பதியைக் கற்பனையாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணவருக்கு வயது 34. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் எட்டு வருடம் மோட்டார் மெக்கானிக், தொழிற்சான்றிதழ் உண்டு, ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் நான்கு பகுதியிலும் 6. மனைவிக்கு வயது 31. தாதியியல் பட்டம், ஐந்து வருட வைத்தியசாலை அனுபவம், நான்கு பகுதியிலும் 7. இவர்கள் அவுஸ்திரேலியாவின் புள்ளிமுறை விசாவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம்.

கணவர் முன்னால் நின்றால்: வயதுக்கு 25, தொழிற்சான்றிதழ் ஏற்கப்பட்டால் 10, அனுபவத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 0. மொத்தம் 50. மனைவியும் தன் தொழிலை மதிப்பீடு செய்வித்து வந்தால் துணைக்கான 10 சேரும், 60. விண்ணப்பிக்கவே 65 வேண்டும். வாசலுக்கே எட்டவில்லை.

மனைவி முன்னால் நின்றால்: வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, அனுபவத்துக்கு 10. மொத்தம் 65. கணவரின் ஆங்கிலம் மட்டும் போதிய அளவு இருந்தால் 5 கூடி 70. அவருடைய தொழிலும் மதிப்பீடாகி, அதே தொழில் பட்டியலில் இருந்தால் 5க்குப் பதில் 10 கூடி 75.

அதே வீடு, அதே சான்றிதழ்கள். பெயரை மாற்றிப் போட்டதும் 60 என்பது 75 ஆகிறது. மதிப்பீட்டு நிறுவனம் அனுபவத்தில் சில வருடங்களைக் கழித்துவிடலாம் என்பதையும், 65 வெறும் வாசல்தான், அழைப்பு வர அதற்கு மேலும் வேண்டும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

இதே தம்பதி லண்டனை நினைத்தால், மெக்கானிக் வேலை பட்டதாரித் தரத்துக்குக் குறைந்தது என்பதால் கணவர் முன்னால் நின்று மனைவியைக் கொண்டுபோகவே முடியாது (படி 3). அந்தத் தரத்து வேலை உள்ளவருக்கும் வித்தியாசம் காசில் தெரியும். பிரிட்டனின் சாதாரணத் திறன் தொழிலாளர் விசாவில் ஒவ்வொரு வயதுவந்தவரும் வருடத்துக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். மூன்று வருட விசா, இரண்டு பேர்: 6,210 பவுண். மாதாமாதம் அல்ல, விண்ணப்பிக்கும் நாளிலேயே முழுவதும். தாதி போன்ற தொழிலில் சுகாதார, பராமரிப்பு விசாவில் போகிறவருக்கு அந்தக் கட்டணமே இல்லை, துணைக்கும் இல்லை. விசாக் கட்டணமும் குறைவு. கணவர் துணையாகப் போய் அங்கே எந்தக் கராஜிலும் வேலை செய்யலாம். அவருடைய தொழிலுக்குத் தனி ஸ்பொன்சர் தேட வேண்டியதில்லை.

கணக்கு செய்யும் ஒழுங்கு:

1. ஒரே நாட்டுக்கு இரண்டு கணக்கு போடுங்கள்: அவர் முன்னால், இவர் முன்னால்.
2. இரண்டிலும் துணைக்குக் கிடைக்கும் வேலை உரிமையைப் பக்கத்தில் எழுதுங்கள்.
3. மொத்தச் செலவை எழுதுங்கள்.
4. புள்ளி சமமாக வந்தால், அங்கே தொழில் அனுமதி எடுக்கக் கூடுதல் காலம் தேவைப்படாதவரை முன்னால் விடுங்கள்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். மருமகன் 'டிபெண்டன்ட்டாகப் போகிறார்' என்று சொல்லக் கூச்சம். கூச்சத்துக்காக 6,210 பவுண் கட்டுவது உங்கள் விருப்பம்.

படி 3: நாடு வாரியாக, துணையின் நிலை

பிரிட்டன். 2024, 2025இல் அதிகம் மாறிய இடம் இதுதான், அதிகம் ஏமாற்றப்படும் இடமும் இதுதான்.

• 2024 ஜனவரி 1 முதல் சாதாரண முதுமாணிப் படிப்புக்குப் போகிறவர் துணையைக் கொண்டுபோக முடியாது. கலாநிதிப் பட்டம், ஆராய்ச்சிப் பட்டம் என்றால் முடியும். "மனைவியைப் படிக்க அனுப்பினால் நீங்களும் போகலாம்" என்று இன்றும் யாராவது சொன்னால் அவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டாம்.
• 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புத் தொழிலாளர்கள் துணையைக் கொண்டுபோக முடியாது. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. முதியோர் இல்ல வேலை என்று காசு கேட்பவரிடமிருந்து எழும்பி வாருங்கள்.
• அதே ஜூலை 22 முதல் திறன் தொழிலாளர் விசாவுக்குப் பட்டதாரித் தரத்து வேலையும், பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண் சம்பளமும் வேண்டும். அந்தத் தரத்துக்குக் குறைந்த சில வேலைகள் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் புதிதாகப் போகிறவர் துணையைக் கொண்டுபோக முடியாது. விசா கிடைக்கும், ஆனால் தனியாக. இதைத்தான் ஏஜென்சிகள் சொல்லாமல் விடுகின்றன.
• துணையாகப் போக முடிந்தவருக்கு உரிமை நல்லது. தொழில்முறை விளையாட்டு வீரராகவோ விளையாட்டுப் பயிற்றுநராகவோ மட்டும் வேலை செய்ய முடியாது. மற்றபடி யாரிடமும் வேலை செய்யலாம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்: நிறுவனம் ஸ்பொன்சர் உரிமத்தை இழந்தாலோ வேலையை நிறுத்தினாலோ, பொதுவாக 60 நாளில் வேறு ஸ்பொன்சர் தேட வேண்டும். தேடாவிட்டால் இருவரும் கிளம்ப வேண்டும். ஆகவே நிறுவனத்தின் பெயர் பிரிட்டிஷ் அரசின் உரிமம் பெற்ற ஸ்பொன்சர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பட்டியல் இலவசம். இருக்கிறது என்றால், அந்த நிறுவனம் நடப்பதற்கு வேறு அடையாளமும் உண்டா என்று தேடுங்கள். உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு சான்று விற்ற கம்பெனிகளும் உண்டு.

கனடா. இரண்டு வாசல்கள். ஒன்று, வேலை அனுமதியிலோ படிப்பிலோ ஒருவர் போக, துணை திறந்த வேலை அனுமதி எடுப்பது. 2025 ஜனவரி 21 முதல் அது இறுகிவிட்டது. முதலாமவர் உயர்நிலை வேலைகளிலோ, குறிப்பிட்ட சில நடுநிலை வேலைகளிலோ இருக்க வேண்டும். துணை விண்ணப்பிக்கும்போது அவருடைய அனுமதியில் குறைந்தது 16 மாதம் மிச்சம் வேண்டும். மாணவர் என்றால் 16 மாதத்துக்குக் குறையாத முதுமாணிப் படிப்பு, கலாநிதிப் படிப்பு, குறிப்பிட்ட சில தொழில்சார் பட்டங்கள் மட்டுமே. கல்லூரி டிப்ளோமாவில் ஒருவர் படிக்க மற்றவர் முழுநேரம் உழைத்த காலம் முடிந்துவிட்டது.

மற்றது எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக நேரே நிரந்தர வதிவிடம். இதில் இருவரும் ஒரே நாளில் ஒரே உரிமையோடு இறங்குவார்கள். கிடைக்குமென்றால் தம்பதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் அபிப்பிராயம். இங்கும் இரண்டு கணக்கு போடுங்கள். சுகாதாரத் தொழில்களுக்கும் பிரெஞ்சு தெரிந்தவருக்கும் தனிச் சுற்றுகள் நடப்பதால், மொத்தப் புள்ளி குறைந்தவரே முன்னால் நிற்க ஏற்றவராக இருக்கலாம். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த மேலதிகப் புள்ளி 2025 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டது. 'ஐம்பது புள்ளிக் கடிதம்' விற்பவர் இப்போது வெறுங்கடதாசி விற்கிறார்.

ஒரு எச்சரிக்கை. கனடாவுக்குப் பைல் போடும்போது, கூட வராவிட்டாலும், கல்யாணம் கட்டியிருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பைல் போட்ட பிறகு, தரையிறங்குவதற்கு முன், எழுத்து (விவாகப் பதிவு) வைத்தாலும் உடனே அறிவிக்க வேண்டும். மறைத்துப் போய் இறங்கியவர் பிறகு அந்தத் துணையைக் குடும்ப வகுப்பில் எடுக்க முடியாமல் போகலாம். "இப்போதைக்கு தனி ஆள் என்று போடுவோம், புள்ளி கூடும்" என்ற யோசனை யாருடையதாக இருந்தாலும் கேட்காதீர்கள்.

அவுஸ்திரேலியா. புள்ளிமுறையை மேலே பார்த்தோம். வேலை கொடுப்பவரின் ஸ்பொன்சரில் போகும் விசாவிலும் துணைக்கு முழு வேலை உரிமை உண்டு. மாணவர் விசாவில் துணைக்கு இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம். முதலாமவர் முதுமாணி படித்தால் அந்த எல்லை இல்லை. நிரந்தர விசாவில் துணைக்கு அடிப்படை ஆங்கிலம் இல்லாவிட்டால் இரண்டாம் தவணையாக 4,000 டொலருக்கு மேல் கட்ட நேரும். அதைவிட ஒரு பரீட்சைக் கட்டணம் மலிவு.

வளைகுடா. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2019 முதல் தொழிலைப் பார்ப்பதில்லை, சம்பளத்தையே பார்க்கிறார்கள்: மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்யலாம். துணை வேலை செய்ய, வேலை கொடுப்பவர் தனி அனுமதி எடுக்க வேண்டும். சட்டம் இடம் கொடுக்கிறது. வாடகை கொடுக்குமா என்பது வேறு கணக்கு. மற்ற வளைகுடா நாடுகளின் எல்லை வேறு, ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள்.

கொரியா, இஸ்ரேல், ஜப்பான். கொரியாவுக்கு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகப் போகும் தொழிலாளர் விசாவில் துணைக்கு இடமில்லை. இஸ்ரேல் பராமரிப்பு வேலையிலும் குடும்பத்தைக் கொண்டுபோக முடியாது. ஜப்பானின் முதல் வகைத் திறன் விசா ஐந்து வருடம், தனியாக. இரண்டாம் வகைக்கு ஏறினால்தான் குடும்பம். இவை காசு சேர்க்கும் வழிகள். ஒருவர் போய் மற்றவர் இங்கே இருப்பதென்று இருவரும் பேசி முடிவெடுத்தால் போகலாம். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று போகக்கூடாது.

படி 4: கடதாசி ஒழுங்கு

கோயிலில் தாலி கட்டினாலும் சேர்ச்சில் மோதிரம் மாற்றினாலும் விசா அதிகாரி கேட்பது விவாகச் சான்றிதழ். எழுத்து வைக்காமல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். விசாவுக்கு ஒரு கிழமைக்கு முன் அவசரமாக எழுத்து வைத்தவர்களைக் கூடுதலாகவே கேள்வி கேட்பார்கள். அப்படியானால் கல்யாணத்துக்கு முந்திய படங்கள், அழைப்பிதழ், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

1. விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை எழுத்து நடந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் எடுங்கள். இரண்டு, மூன்று பிரதிகளாக எடுப்பது நல்லது.
2. இருவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழ் நான்கையும் மேசையில் பரப்பிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.
3. ஒப்பிட்ட பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள்.

இரண்டாவதில் நேரம் செலவிடுங்கள். கொழும்புத் தமிழரின் பைல்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். பிறப்பைச் சிங்களத்தில் பதிந்திருந்தால் அந்த எழுத்தில் 'ழ' கிடையாது. தமிழ்ச்செல்வி 'தமில்செல்வி' ஆகியிருப்பார். விவாகப் பதிவாளர் தமிழில் சரியாக எழுதியிருப்பார். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், அடையாள அட்டையில் அது வெறும் முதலெழுத்தாக நிற்கும். பிறகு புதுக்கடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் மூன்றாவதாக ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போட்டுவிடுவார். நான்கு கடதாசி, நான்கு ஆள்.

செய்ய வேண்டியது: கடவுச்சீட்டின் பிரதியை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் அதன்படியே வர வேண்டும் என்று சொல்லுங்கள். மூலத்திலேயே பிழை இருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வழியில் திருத்துங்கள். அது இழுபடும், ஆனால் நிரந்தரம். சிறிய வித்தியாசம் என்றால் இரு பெயரும் ஒரே ஆள்தான் என்ற சத்தியக்கடதாசி பல இடங்களில் போதும். மொழிபெயர்ப்பாளர் சத்தியப்பிரமாணம் செய்தவர்தானா என்று முத்திரையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மனைவி பெயரை மாற்றுவதாக இருந்தால் பைல் போடுவதற்கு முன் மாற்றுங்கள், இல்லாவிட்டால் விசா வந்த பின் மாற்றுங்கள். நடுவில் வேண்டாம்.

வளைகுடாவுக்கு என்றால் விவாகச் சான்றிதழை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, அந்த நாட்டுத் தூதரகத்திலும் முத்திரை வாங்க வேண்டும். போகும்போதே செய்துவிடுங்கள், துணைக்கு விசா எடுக்கும் நாளில் தனியாக ஓட வேண்டி வராது. பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகும் இருவருக்கும் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. அது ஆறு மாதம்தான் செல்லும், ஆகவே மிக முந்தி எடுக்காதீர்கள். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு பொதுவாக இரண்டு வருடம் செல்லும்.

படி 5: காசு, விண்ணப்ப நாளில்

தம்பதிகள் தவறும் இடம் மொத்தத் தொகையில் அல்ல, திகதியில். சீட்டுக் காசு எப்போது விழும், வங்கிக் கடன் எப்போது வரும், செட்டியார் தெருவில் நகையை எப்போது விற்பது என்பதை விசாத் திகதியோடு பொருத்துங்கள்.

உதாரணமாக பிரிட்டனில் நிறுவனம் உங்கள் செலவுக்குப் பொறுப்பு எடுக்காவிட்டால், முதலாமவருக்கு 1,270 பவுணும் துணைக்கு 285 பவுணும் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். 27ஆவது நாளில் ஒரு கடனை அடைக்க எடுத்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இரண்டு பேருக்கு 2025 ஜூலை முதல் 19,001 கனடிய டொலர் காட்ட வேண்டும். துணை கூட வராவிட்டாலும் இரண்டு பேர் கணக்குத்தான். வங்கி அறிக்கையில் நேற்று வந்து விழுந்த பெருந்தொகைக்கு விளக்கம் கேட்பார்கள். நகை விற்ற பற்றுச்சீட்டு, காணி விற்ற உறுதி, தகப்பனார் தந்ததென்றால் அவருடைய கடிதமும் வங்கிக் கூற்றும் என்று ஒவ்வொரு தொகைக்கும் ஒரு கடதாசி இருக்கட்டும்.

படி 6: சேர்ந்தா, பின்னாலா?

சட்டம் அனுமதித்தால் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். இடையில் விதி மாறினால் பின்னால் போகிறவர் வெளியே நின்றுவிடும் அபாயம் உண்டு. 2024, 2025 இரண்டு வருடமும் அதையே காட்டின. சேர்ந்து விசா எடுத்துவிட்டு, வீடு பிடிக்கும் வரை ஒருவர் முந்திப் போவது வேறு. ஆனால் துணையின் விசாவில் உள்ளே நுழையக் கடைசித் திகதி இருந்தால் அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

காசு போதாமல் பின்னால்தான் வர முடியும் என்றால், பிரிந்திருக்கும் மாதங்களின் சான்றைச் சேருங்கள்: அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டு, பேசிய பதிவுகள், வந்துபோன விமானச் சீட்டு.

பாதுகாப்பு: ஏஜென்சியும் மற்றவர்களும்

• இலங்கையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் பணியகம் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் 1989 என்ற இலக்கத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.
• சப் ஏஜென்டிடம் காசும் பாஸ்போட்டும் கொடுக்காதீர்கள். அவர் மச்சானாக இருந்தாலும்.
• விசா ஆலோசகர் என்றால் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் அந்தந்த நாட்டுப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.
• விண்ணப்பத்தில் உங்கள் சொந்த ஈமெயிலும் தொலைபேசியும் இருக்க வேண்டும். துணைக்குத் தனி ஈமெயில். ஏஜென்சியின் ஈமெயிலில் போன பைலுக்குச் சொந்தக்காரர் ஏஜென்சிதான்.
• சமர்ப்பிக்கும் முன் முழுப் படிவத்தையும் அச்செடுத்து இருவரும் வாசியுங்கள். பொய்த் தகவலுக்குக் கனடா ஐந்து வருடத் தடை விதிக்கும். பிரிட்டனில் பத்து வருடம் வரை போகும். படிவத்தை நிரப்பியது வேறு ஆள் என்பது சாட்டாகாது.
• விசாவுக்காக மட்டும் ஒரு 'காகிதக் கல்யாணம்' என்று யாராவது பேரம் பேசினால் மேலே சொன்ன தடை இருவருக்கும் பொருந்தும்.
• சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது அபாயத்தின் முதல் வரி. ஓமானுக்குப் பெண்களை அப்படி அனுப்பியது 2022இல் வெளிவந்தது. டுபாயிலும் தாய்லாந்திலும் கணினி வேலை என்று போனவர்கள் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டதும் அதே பாதையில்தான்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் பேசிவிடுங்கள். துணை விசா உறவோடு கட்டப்பட்டது. அங்கே போய் அடி உதை என்று வந்தால் "விசா போய்விடும்" என்ற பயத்தில் வாய் மூடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிரிட்டன் உட்பட சில நாடுகளில் வன்முறைக்கு ஆளான துணைக்குத் தனிப் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. துணையாகப் போகிறவர் தன் கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். பிரதிகளைத் தாய் வீட்டிலும் ஒன்று வைக்கட்டும்.

படி 7: கட்டுநாயக்கவும் அதற்கு அப்பாலும்

1. வேலை விசாவில் போகிறவர் புறப்படுவதற்கு முன் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏஜென்சி இல்லாமல் தானே வேலை தேடிக்கொண்டவருக்கும் இது பொருந்தும். விமானத்துக்கு முதல் நாள் பத்தரமுல்லைக்கு ஓடாமல் விசா வந்த கிழமையிலேயே முடியுங்கள்.
2. துணை வேலைக்குப் போகவில்லை என்பதைக் காட்ட அவருடைய விசாவின் அச்சுப் பிரதி, விவாகச் சான்றிதழ், முதலாமவரின் விசாப் பிரதி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், போடும் பெட்டியில் அல்ல.
3. அரச வேலையில் இருந்தவர் விடுமுறை அனுமதியையும் பிணை ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பிணைக்குக் கையெழுத்து வைத்தவர் இங்கேதான் இருப்பார்.
4. இறங்கியதும் இருவர் பெயரிலும் தனித்தனி வங்கிக் கணக்கு, தனித்தனி வரி இலக்கம். துணை முதல் கிழமையிலேயே இலக்கத்துக்கு விண்ணப்பித்தால் வேலை கிடைத்ததும் காத்திருக்க வேண்டாம்.
5. வாடகை ஒப்பந்தத்திலும் மின்சாரக் கட்டணத்திலும் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். விசாவைப் புதுப்பிக்கும்போது ஒன்றாக வாழ்ந்ததற்குச் சான்று கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியவை இவைதான்.